முள் இல்லாத தூண்டில்

சங்க மலரில் தூண்டில் கோலைப் பற்றி ஒரு கட்டுரை, அதையும் ஒரு சமணன் எழுதுகிறான் என்றால் அன்பர்கள் சிலர் திகைக்கக்கூடும். மீன் பிடிக்கச் சொல்லித்தரும் உத்தேசம் எனக்கில்லை. ஹாம் என்று அழைக்கப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள், ஏரியல் கம்பியைத் தூக்கி நிறுத்தத் தூண்டில் கோலையே கொடிமரமாக்கிக்கொண்டார்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெங்களூர் எஸ்.பி. ரோடில் வயர், கேபிள், கனெக்டர் வியாபாரம் செய்கிறவன் நான். கடைக்கு வரும் ஹாம் நண்பர்களிடம் கேட்டுக் கேட்டு, கடைசியில் நானும் பரீட்சை எழுதி உரிமம் வாங்கினேன். நம் போல் வாடகை வீட்டிலும் அபார்ட்மெண்டிலும் குடியிருக்கும் வெளிமாநிலத் தமிழர்களுக்கு இது பயன்படும் என்பதால் மலர்க்குழுவினர் கேட்டதும் ஒப்புக்கொண்டேன்.

முதலில் கொஞ்சம் இலக்கியம். குறுந்தொகை 54ஆம் பாட்டைப் பாடியவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் கையாண்ட உவமையைக் கொண்டே மீனெறி தூண்டிலார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தினைப்புனம் காப்பவர்கள் கவண் வீசுகிற சத்தம் கேட்கிறது. மூங்கிலை வளைத்துப் பிடித்திருந்த காட்டு யானை மிரண்டுபோய் அதை விட்டுவிடுகிறது. பச்சை மூங்கில் விசுக்கென்று மேலே எழும்புகிறது, மீன் பிடிப்பவன் சுண்டி இழுத்த தூண்டில் போல. இதில் தலைவியின் மனநிலை என்ன என்று உரையாசிரியர்கள் விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். என் கடைக்காரப் புத்திக்குப் பட்டது வேறு. வளையும், ஒடியாது, விட்டதும் நிமிரும் என்கிற ஒரே குணத்துக்காகப் புலவர் மூங்கிலையும் தூண்டிலையும் சேர்த்து நிறுத்தியிருக்கிறார். மொட்டைமாடிக் காற்றில் நிற்க வேண்டிய கொடிமரத்துக்கு வேண்டிய குணமும் அதுவேதான்.

ஹாம் என்றால் யார்?

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறி, அழைப்புக்குறி பெற்று, தனக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் பேசுகிறவர் ஹாம். காசு வாங்கக்கூடாது, வியாபாரம் பேசக்கூடாது. இந்தியாவில் வானொலி ஒலிபரப்பே இப்படிப்பட்ட ஆர்வலர்களால்தான் தொடங்கியது. சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று நடத்திய மெட்ராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப், 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர் வந்தது 1936இல். பெங்களூருக்கும் இதில் பங்கு உண்டு. ஹாம்களுக்கென்றே இஸ்ரோ 2005 மே 5 அன்று அனுப்பிய ஹாம்சாட் செயற்கைக்கோள் இந்த ஊரில் உருவானது. அது 2014 வரை உழைத்தது.

ஹாமுக்கு வானொலிப் பெட்டி வாங்குவது பெரிய கஷ்டமில்லை. ஏரியல் கட்டுவதுதான் கஷ்டம். அதற்கு உயரம் வேண்டும். உயரம் வேண்டுமானால் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், அபார்ட்மெண்ட் சங்கம் சம்மதிக்க வேண்டும். "மாடியில ஓட்டை போடக்கூடாது, தண்ணி இறங்கும்" என்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். ஒரு அங்குல ஜி.ஐ. பைப் 6 மீட்டர் நீளம் எடுத்தால் பத்துப் பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. அதை நிறுத்த அடித்தளம் வேண்டும், ஆள் வேண்டும். சாய்ந்தால் பக்கத்து வீட்டு ஓடு போச்சு. அந்தக் காலத்து ஹாம்கள் மூங்கில் கட்டினார்கள். சிவாஜிநகர்ப் பக்கம் பாம்பூ பஜாரில் நல்ல மூங்கில் கிடைக்கும், ஆனால் அதை பஸ்ஸில் கொண்டுவர முடியுமா? இரண்டு மழையில் வெடித்தும் போகும்.

இங்கேதான் தூண்டில் கோல் உள்ளே வருகிறது. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியல் போல ஒன்றுக்குள் ஒன்று அடங்கி இழுக்கக்கூடிய கோல். கண்ணாடி இழையால், அதாவது ஃபைபர் கிளாஸால் செய்தது. மடித்தால் ஒரு கைத்தடி அளவு, நீட்டினால் 6 முதல் 12 மீட்டர் வரை. ஆஸ்திரேலிய ஹாம்கள் இதை ஸ்க்விட் போல் என்பார்கள், கணவாய் பிடிக்கும் கோல். ஜப்பானில் தூண்டில் கோல் ஏரியலுக்கென்றே தனிப்பெயர் புழங்குகிறது. ஜெர்மனியில் ஸ்பைடர்பீம் என்ற நிறுவனம் கொடிமரத்துக்கென்றே தடிமனாக 12 மீட்டர் கோல் செய்து விற்கிறது. எடை மூன்று கிலோ சொச்சம், மடித்தால் 1.2 மீட்டருக்குள் அடங்கிவிடும். 2002இல் பிரிட்டனில் தொடங்கிய மலையுச்சி வானொலி இயக்கம் பரவப் பரவ, முதுகுப்பையில் கோல் சொருகிக்கொண்டு மலையேறும் ஹாம்கள் உலகெங்கும் பெருகினார்கள்.

நம் தூரத்துக்கு எவ்வளவு உயரம் வேண்டும்?

இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். ஏரியல் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவோடு பேச வேண்டுமானால் சரி. பெங்களூரிலிருந்து ஊரோடு பேச அது தேவையில்லை.

கணக்கைப் பாருங்கள். 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 42 மீட்டர். அதில் பாதி 21 மீட்டர். கம்பியில் மின்சாரம் ஓடும்போது நுனி விளைவால் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைக்க வேண்டும், ஆகவே 20 மீட்டர். நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்துப் பத்து மீட்டராக விரித்தால் டைபோல் என்ற ஏரியல் ஆயிற்று. இந்தக் கம்பி தரையிலிருந்து 8, 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் சக்தியில் பெரும்பகுதி நேராக வானத்தைப் பார்த்துப் போகும். சுமார் 300 கிலோமீட்டருக்கு மேலே அயனி மண்டலம் அதைத் திருப்பி அனுப்பும். இருட்டறையில் டார்ச் லைட்டைத் தரையில் வைத்துக் கூரையைப் பார்த்து அடித்தால் அறை முழுக்க வெளிச்சம் பரவுகிறதல்லவா, அதே மாதிரி நம்மைச் சுற்றி நானூறு ஐந்நூறு கிலோமீட்டருக்குக் குரல் மழையாக இறங்கும். நடுவில் கிருஷ்ணகிரி மலை இருந்தால் என்ன, ஏலகிரி இருந்தால் என்ன, மேலிருந்து வருவதை மலை மறைக்காது. வாக்கி டாக்கிக்கு இந்த வசதி இல்லை.

இப்போது வரைபடத்தில் நேர்க்கோடு போட்டுப் பாருங்கள். பெங்களூரிலிருந்து கோயம்புத்தூர் சுமார் 230 கிலோமீட்டர், சென்னை 290, மதுரை 340, திருநெல்வேலி 470. ஒரு தூண்டில் கோல் உயரத்துக்குத் தமிழ்நாடு முழுக்க நம் மொட்டைமாடியின் எல்லைக்குள் வந்துவிடுகிறது! என் அனுபவத்தில் காலை ஏழிலிருந்து ஒன்பதும் மாலை நாலிலிருந்து ஆறும் நல்ல நேரம். நடுப்பகலில் வானத்தின் கீழடுக்கு அலையை உறிஞ்சிவிடும். இரவு ஏற ஏறப் பக்கத்து ஊர் மறைந்து தூரதேசம் கேட்க ஆரம்பிக்கும்.

2015 டிசம்பர் முதல் வாரத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அடையாறு பெருகிச் சென்னையின் தென்பகுதி மூழ்கியது. என் அக்கா குடும்பம் முடிச்சூரில். இரண்டு நாள் போன் இல்லை. பெங்களூரில் அந்த இரண்டு நாளும் யாரைப் பார்த்தாலும் கையில் செல்போனை வைத்துக்கொண்டு அழுத்திக்கொண்டே இருந்தார்கள். செல்போன் கோபுரத்துக்குக் கரண்ட் வேண்டும், டீசல் வேண்டும், தரையடிக் கேபிள் வேண்டும். மூன்றும் தண்ணீரில். அக்கா மாடியில் பத்திரமாக இருந்தாள் என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. நான் ஹாம் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். அங்கே ஒரு ஹாம் இருந்தால்தானே இங்கே இருக்கிறவனால் பேச முடியும் என்று கேட்பீர்கள். உண்மைதான். அதனால்தான் ஊரில் இருக்கிற நம் பிள்ளைகளையும் எழுதச் சொல்லுகிறேன்.

இந்த வழி சோதித்துப் பார்க்கப்பட்டது. 2004 டிசம்பரில் ஐதராபாத்தின் நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் அமெச்சூர் ரேடியோ சார்பில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமானிலிருந்து ஹாம் குரல் கேட்பது உலகத்துக்கு அபூர்வம் என்பதால் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். 26ஆம் தேதி சுனாமி. அதே பெட்டியும் அதே ஏரியலும் தீவுகளின் செய்தி வழியாக மாறின. இலங்கையில் விக்டர் குணதிலக்கவும் நண்பர்களும் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் நடுவே சிற்றலையில் செய்தி நடத்தினார்கள். நேர்க்கோட்டில் 170 கிலோமீட்டர், மேலே சொன்ன டார்ச் லைட் கணக்கில் கச்சிதமாக அடங்கும் தூரம். அங்கெல்லாம் நின்றவை தூண்டில் கோல்கள் என்று நான் சொல்லவில்லை. கொண்டுபோய், நிறுத்தி, வேலை முடிந்ததும் எடுத்துவரக்கூடிய ஏரியல்தான் அந்த நேரத்தில் கைகொடுக்கிறது.

கோல் வாங்கும்போது

மீன்பிடி சாமான் கடையில் இரண்டு வகை கிடைக்கும். கண்ணாடி இழை ஒன்று, கார்பன் இழை இன்னொன்று. கார்பன் எடை குறைவு, விலை அதிகம், மீன் பிடிக்கிறவர்களுக்கு அதுதான் உசத்தி. நமக்கு அது ஆகாது. கார்பன் மின்சாரம் கடத்தும், ஏரியலின் கணக்கைக் கெடுக்கும். கறுப்பாக இருப்பதெல்லாம் கார்பன் என்று நினைக்க வேண்டாம், கண்ணாடி இழைக்கும் கறுப்பு பெயிண்ட் அடிக்கிறார்கள். அடிப்பகுதியில் ஒரு ஓரமாகப் பெயிண்டைச் சுரண்டி மல்டிமீட்டர் முனைகளை வையுங்கள். முள் அசைந்தால் கார்பன். நரம்பு ஓடுவதற்கான உலோக வளையங்கள் வைத்த கோலும் வேண்டாம், வழவழவென்று இருக்கிற கோல் போதும். 10 மீட்டர் கோல் வாங்கினால் நடைமுறையில் 8 மீட்டர்தான் கணக்கு, ஏனென்றால் மேலே உள்ள இரண்டு மூன்று துண்டுகள் ஊதுபத்தி பருமன்தான் இருக்கும், எடை தாங்காது. அந்தத் துண்டுகளைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிடலாம்.

வீட்டில் இதற்கு எதிர்ப்பு வந்தது. "தூண்டில் நம்ம வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்று வீட்டம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். முள் இல்லை, நரம்பு இல்லை, வெறும் கழி என்று அவிழ்த்துக் காட்டிய பிறகுதான் விட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. கொலைக் கருவியைப் பிறருக்குக் கொடுப்பதை இம்சாதானம் என்று சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டகத்தில் விலக்குகிறார். கடைப் பையன்கள், "நாமே வாங்கி விக்கலாமே முதலாளி, ஹாம்காரங்க கேக்கறாங்க" என்றார்கள். வாங்குகிறவர் அதைக் கொண்டுபோய் அல்சூர் ஏரியில் போடுவாரா மொட்டைமாடியில் நிறுத்துவாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆகவே என் கடையில் கம்பியும் கேபிளும் மட்டும். கோல் வேண்டும் என்பவருக்கு ஹாம் கொடிமரம் என்றே விற்கிறவர்களிடம் வழி காட்டுவேன்.

முப்பதுக்கு நாற்பதில் நிறுத்துவது

பெங்களூரில் வீட்டு மனை என்றால் முப்பதுக்கு நாற்பது அடி. பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் கணக்கில் மூலைக்கு மூலை 50 அடி, அதாவது 15 மீட்டர் சொச்சம். கோலை நடுவில் நிறுத்தி, 8 மீட்டர் உயரத்தில் கம்பியின் நடுப்பகுதியைக் கட்டி, இரண்டு பக்கமும் சரித்து இறக்கினால் தலைகீழ் வி போல் நிற்கும். நேராக முழுக்க இழுக்க 17 மீட்டர் இடம் வேண்டும், நமக்கு அவ்வளவு இல்லை. பக்கத்துக்கு ஒன்பது மீட்டர் சரிவாகப் போய், கடைசி ஒரு மீட்டர் நேர் கீழே தொங்கட்டும். ஒன்றும் குறையாது. நுனி தலைக்கு மேலே இருக்க வேண்டும், பேசும்போது அங்கே குழந்தைகள் போகக்கூடாது. நுனியில்தான் வோல்டேஜ் அதிகம், தொட்டால் சுடும்.

எடைதான் இந்த வேலையின் சூட்சுமம். 0.75 சதுர மி.மீ. பிவிசி வயர் 20 மீட்டர் இருநூறு கிராம் சொச்சம். அதைக் கோல் சட்டை செய்யாது. நடுவிலிருந்து தொங்கும் கேபிள்தான் கோலை வளைக்கும். வழக்கமான ஆர்.ஜி. 58 பத்து மீட்டர் 400 கிராம் வரும். மெல்லிய ஆர்.ஜி. 174 அதில் மூன்றில் ஒரு பங்குதான். இழப்பு கொஞ்சம் அதிகம், ஆனால் 7 மெகாஹெர்ட்ஸில் பத்து மீட்டருக்கு அது பெரிதில்லை. கேபிளைக் கோலோடு இரண்டு இடத்தில் டேப் போட்டு ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது. வயரை முதலில் பக்கத்துக்கு ஒரு சாண் நீளமாகவே விடுங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்துப் பார்த்து நுனியை மடித்துக் கட்டுங்கள், வெட்ட வேண்டாம். உறை போட்ட வயர் கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாகவே கேட்கும்.

கோலை நிறுத்த ஓட்டை போட வேண்டாம் என்று சொன்னேன். இரண்டடி பிவிசி பைப் துண்டு ஒன்றைக் கைப்பிடிச் சுவர்க் கம்பியிலோ துணி காயப்போடும் தூணிலோ இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி, அதற்குள் கோலைச் சொருகினால் போதும். தரையிலிருந்து மூன்று மீட்டர் வாக்கில் மூன்று நைலான் கயிறு, மூன்று திசையில், சம இடைவெளியில். கயிற்றில் கலர் துணி கட்டுங்கள், துணி உலர்த்த வருகிறவர்கள் தடுக்கி விழாமல் இருக்க. நீட்டும்போது நுனித் துண்டை முதலில் இழுத்து, ஒரு முறுக்கு முறுக்கிப் பிடிப்பு ஏற்றிக்கொண்டே கீழே வர வேண்டும். வெயிலில் இருந்தால் பிடிப்பு நழுவி மேல் துண்டு சரசரவென்று உள்ளே இறங்கிவிடும். ஒவ்வொரு கணுவிலும் இன்சுலேஷன் டேப் நாலு சுற்று, அல்லது கேஸ் குழாய்க்குப் போடுகிற ஹோஸ் கிளாம்ப் ஒன்று. கிளாம்பை நசுக்கும்படி இறுக்கினால் இழை விரிசல் விடும். எனக்குப் பத்து நிமிஷத்தில் நின்றுவிடும், இறக்க ஐந்து நிமிஷம். காலையில் ஏற்றி மாலையில் இறக்குகிற ஒன்றுக்கு எந்த வீட்டுக்காரரும் பெரிதாகத் தகராறு செய்வதில்லை.

14 மெகாஹெர்ட்ஸில் தூரதேசம் பிடிக்க வேண்டுமென்றால், கோலோடு ஒட்டி 5 மீட்டர் வயரை நேராக மேலே ஏற்றி, அடியில் நாலைந்து வயரைத் தரையில் பரப்பினால் ஆயிற்று. இங்கே கோல் கடத்தாப் பொருளாக இருப்பது மிக முக்கியம். அதை விரிவாக எழுத இடம் போதாது.

இரண்டு எச்சரிக்கை மட்டும் அழுத்திச் சொல்லுகிறேன். நம் தெருக்களில் பெஸ்காமின் 11,000 வோல்ட் கம்பி மாடிக்கு எட்டும் உயரத்தில் போகிறது. கோல் சாய்ந்தால் எவ்வளவு தூரம் எட்டுமோ அதைப் போல் இரண்டு மடங்கு தள்ளி நிறுத்த முடியாவிட்டால் அந்த மாடியில் நிறுத்தவே கூடாது, பார்க்குக்கோ மைதானத்துக்கோ அனுமதி கேட்டுக் கொண்டுபோங்கள். கோல் மின்சாரம் கடத்தாது என்று தைரியம் கொள்ள வேண்டாம், அதில் கட்டிய கம்பி கடத்தும், ஈரமும் கடத்தும். அடுத்தது இடி. ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் மத்தியானம் வரை வெயிலாக இருந்து மூன்று மணிக்குத் திடீரென்று இருட்டிக்கொண்டு வரும். இருட்டத் தொடங்கும்போதே, உறுமல் கேட்பதற்கு முன்பே, கேபிளைப் பெட்டியிலிருந்து பிடுங்கிவிட்டுக் கோலை இறக்கிவிட வேண்டும். உறுமல் தூரத்தில் கேட்டாலே, கோல் போனால் போகட்டும் என்று கீழே இறங்கிவிடுங்கள். ஜக்கூர், எச்.ஏ.எல். போன்ற விமானத்தளங்களின் பக்கம் குடியிருப்பவர்கள் உயரக் கட்டுப்பாட்டையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பரீட்சைக்கு வழிகாட்டப் பெங்களூரிலேயே இண்டியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹாம்ஸ் இருக்கிறது, பெங்களூர் அமெச்சூர் ரேடியோ கிளப்பும் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

கோலைப் பராமரிப்பது பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. மடிக்கும்போது அடியில் உள்ள தடித்த துண்டிலிருந்து தொடங்க வேண்டும், நுனியிலிருந்து அல்ல. சிக்கிக்கொண்டால் பிளையர் போடாதீர்கள், அடியை ஒரு மரக்கட்டை மேல் மெதுவாகத் தட்டினால் இறங்கும். இரண்டு மூன்று வருஷ வெயிலில் மேற்பூச்சு உரிந்து கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிச் சிலாம்பு கையில் ஏறும், அதனால் பழைய துணிக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அல்லது வருஷத்துக்கு ஒரு தடவை வார்னிஷ் அடியுங்கள். மழையில் நனைந்தால் அடிமூடியைத் திருகித் துண்டுகளை வெளியே உருவி, நல்ல தண்ணீரில் கழுவி, தனித்தனியாக நிழலில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு பைக்குள் போட்டால் மண்ணும் தூசியும் கணுவில் இறுகி, அடுத்த தடவை பாதிக் கோல் உள்ளேயே நின்றுவிடும்.